நாப்பது நாள்ல ரெண்டு கிலோ: கறிக்கோழி கேள்வி பதில்

பதில் சொல்பவர்: பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்

தாராபுரம்: ஹார்மோன் ஊசி போடாம நாப்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படிங்க வரும்?

ஊசி இல்லைங்க, இனத்தேர்வு. 1923-ல அமெரிக்காவின் டெலவேர்ல செசில் ஸ்டீல்னு ஒரு அம்மா 50 குஞ்சு கேட்டாங்க, 500 வந்து இறங்குச்சு. திருப்பி அனுப்பாம வளர்த்துக் கறிக்கு வித்தாங்க. அதைப் பார்த்து அக்கம்பக்கமெல்லாம் ஷெட் போட்டாங்க. 1948-ல 'நாளைய கோழி'ன்னு நாடு தழுவின போட்டி. நெஞ்சுக்கறி பெருத்து, சீக்கிரம் வளர்ற கோழிக்குப் பரிசு. அந்த வழியில வந்ததுதான் இன்னிக்கு நம்ம ஷெட்ல நிக்கிறது. கனடாவுல 1957 இனத்தையும் 2005 இனத்தையும் ஒரே மாதிரி தீவனம் போட்டு வளர்த்தாங்க. 56-வது நாள்ல பழசு 900 கிராம் சொச்சம், புதுசு 4.2 கிலோ. அந்த எடையைக் காலும் இதயமும் தாங்காம திணர்றதை ஷெட்ல கண்ணால பார்க்கலாம். என் வருத்தம் அதுதாங்க.

அவிநாசி: கண்ணுல ஏதோ சொட்டு விடறாங்களே?

கோழிகளைக் கொல்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து.

காங்கயம்: நம்ம பக்கம் மட்டும் ஏன் இத்தனை பண்ணை?

அமெரிக்காவின் ஜார்ஜியாவுல பருத்தி கைவிட்டப்ப, ஜெஸ்ஸி ஜுவல்ங்கிற தீவன வியாபாரி விவசாயிகளுக்குக் குஞ்சும் தீவனமும் கடனாக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் திரும்ப எடுத்துக்கிட்டார். இங்க கிணறு கைவிட்டுச்சு. 1990-கள்ல உடுமலையில சுகுணா கோழிக் கம்பெனி இதே மாதிரி ஏற்பாட்டை, வளர்க்கறதுக்குக் கூலின்னு ஒப்பந்தம் போட்டுக் கொண்டு வந்தப்ப, வானம் பார்த்த காட்டுல மாடு மட்டும் வெச்சிருந்தவங்க ஷெட் போட்டாங்க. நாமக்கல் முட்டைக் கதை வேற.

பொங்கலூர்: விலை விழுந்தா நஷ்டம் கம்பெனிக்குத்தானே? நமக்குக் கூலி வந்துருது.

விலை நஷ்டம் அவங்களுது, ஒத்துக்கறேன். ஷெட் கடன், கரண்ட், தரையில பரப்பற தேங்காய் மஞ்சி, ஆள்கூலி யாருது? குஞ்சும் தீவனமும் அவங்க கொடுக்கறது. அது மட்டமா இருந்து எடை வராட்டி உங்க கூலியிலதானே கழியுது!

பொங்கலூர்: சொந்தமா வளர்த்துத் தோட்டத்தை வித்தவங்க எங்கூர்லயே இருக்காங்க டாக்டர்.

இருக்காங்க. அதனாலதான் ஒப்பந்தத்தை விடுங்கன்னு நான் சொல்லலை. ரெண்டு பேட்ச்சுக்கு நடுவுல ஷெட் எத்தனை நாள் காலியாக் கிடக்கலாம், குஞ்சு தரத்துக்கு யார் பொறுப்புன்னு எழுத்துல வாங்குங்க.

சூலூர்: வாங்கப் போனா அடுத்த பேட்ச் குஞ்சே வராதுங்க.

தனியாப் போனா வராது. சங்கமாப் போங்க. கூலி உயர்வு கேட்டுக் குஞ்சு இறக்க மாட்டோம்னு நின்னவங்க நம்ம வளர்ப்பாளர்கதான்.

கோபி: ஹார்மோன்…

முதல் பதிலைப் படிங்க. பயப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக்குக்கு. குஞ்சுக்கு அதைக் கொடுத்தா வேகமா எடை போடுதுன்னு 1940-களோட கடைசியிலயே கண்டுபிடிச்சுட்டாங்க. கிருமி அந்த மருந்துக்குப் பழகி, மனுசனுக்கு அதே மருந்து கேக்காமப் போகுது. ஐரோப்பா 2006-ல வளர்ச்சிக்காகக் கொடுக்கறதை நிறுத்துச்சு. இங்க 2019-ல கோலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைக்குத் தடை பண்ணினாங்க. டாக்டர் சீட்டு இல்லாமத் தண்ணியில எதையும் கலக்காதீங்க.

உடுமலை: சண்டைச் சேவலுக்கு என்ன தீனி?

அது என் வேலை இல்லைங்க.

சுல்தான்பேட்டை: ஷெட்ல ஈ தாங்கலை. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துக்கு முன்னாடி மஞ்சியை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிங்க. உருண்டையா நின்னா ஈரம் அதிகம், உதிர்ந்தாச் சரி. கோழி தண்ணி குடிக்கிற நிப்பிள் ஒழுகுற இடத்தை அடைச்சு, கிளறி விட்டுக் காய வைங்க. ஈரம் போனா ஈ குறையும். ஈயைக் கொல்ற பூச்சிமருந்தையும் கேக்காம அடிச்சுடாதீங்க.