பேத்தி வரைந்த படங்கள் அச்சில் மங்குவது பற்றி

படங்களைப் புகைப்படமாக அனுப்பாமல், வாட்ஸ்அப்பிலேயே 'ஆவணம்' என்னும் வழியில் அனுப்பச் சொல்லுங்கள். மெல்போர்னிலிருந்து பேத்தி வரைந்து அனுப்பும் படங்கள் கைபேசியில் தெளிவாகத் தெரிந்தும், கதைப் புத்தகமாகக் காரைக்குடி அச்சகத்தில் எடுக்கும்போது மங்கிவிடுகின்றன என்ற உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதனாலேயே தீர்ந்துவிடும்.

புகைப்படமாக அனுப்பும்போது செயலி அதைச் சுருக்கிவிடுகிறது. சிறிய திரைக்கு அது போதும். ஆனால் ஏ5 பக்கம் முழுவதையும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட, ஏறத்தாழ 1750க்கு 2480 புள்ளிகள் வேண்டும்.

ஒரே படத்தை இரு வழியிலும் அனுப்பச் சொல்லிக் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒன்று சில நூறு கேபி, மற்றது சில எம்பி என்றிருந்தால் காரணம் அதுதான். இரண்டும் ஒத்திருந்தால், படமெடுத்தபோது கை ஆடியிருக்கலாம் அல்லது வெளிச்சம் போதாமல் இருந்திருக்கலாம். நீங்கள் கதைக்காக வரையும் ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு வண்ணத் தரைக்கல்) வடிவங்களை, வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்தின் ஓரத்தில், நேர்வெயில் விழாத இடத்தில் வைத்து எடுங்கள்; மின்விளக்கைவிட அந்த வெளிச்சம் நன்று. பழைய வீட்டின் இந்த வசதியை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

ஓர் எச்சரிக்கை: ஏற்கெனவே சுருங்கி வந்த படத்தை ஆவணமாக மறுபடி அனுப்பினாலும் தெளிவு திரும்பாது. மூலப்படம், அங்கிருந்து படம் அனுப்பும் உங்கள் மகளின் கைபேசியில் இல்லையென்றால், தாளையே மீண்டும் படமெடுக்க வேண்டியிருக்கும்.