மாலை போட்ட அன்றைக்கே குடியை நிறுத்தலாமா? சேலத்துக்காரர்கள் கேட்டதும் ஒரு சிஸ்டர் சொன்னதும்

குடிநோய் வார்டில் நைட் டூட்டி பார்த்தே தலை நரைத்த நர்ஸ் நான், டாக்டர் இல்லை. மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: சிஸ்டர், வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. தினமும் ஒரு குவார்ட்டர், கூலி வாங்குகிற சனிக்கிழமை ஆஃப் பாட்டில். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டு ஒரேயடியாக விட்டுவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?

அவரை நம்பலாம்மா, அந்தத் தேதியைத்தான் நம்ப முடியாது. ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. வருடக்கணக்கில் தினமும் அதோடு ஓடிப் பழகிய மூளைக்கு ஒரு நாள் திடீரென்று கிடைக்காவிட்டால், ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும், இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பே வரும். அதையும் தாண்டினால் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் பிதற்றல், இல்லாத ஆளோடு பேச்சு, காய்ச்சல், படபடப்பு. இதில் உயிர் போனவர்களும் உண்டு. கழுத்தில் துளசி மாலையோடு ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களைக் கார்த்திகையில் நிறையப் பார்த்திருக்கிறேன், கூட வந்தவர்கள் சாமி குத்தம் என்று அழுவார்கள், சாமிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறதா? முன்னே எப்போதாவது நிறுத்தினபோது வலிப்பு வந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வீட்டில் வைத்து நிறுத்தவே வேண்டாம், அட்மிஷன்தான். இரண்டும் இல்லையென்றாலும் ஐப்பசியிலேயே நம்ம மோகன் குமாரமங்கலம் ஜி.எச். மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் போல அதைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் மாத்திரையே வேறு, அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதின சீட்டை வைத்து வாங்காதீர்கள். டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மாலை தாராளமாகப் போடட்டும், உடம்பு தெளிந்த பிறகு.

அப்புறம் ஒன்று, தெம்புக்கு என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள் பாருங்கள், குடிக்கிறவருக்கு அதற்கு முன்னே வைட்டமின் பி1 ஊசி போட்டாக வேண்டும். பி1 வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் கண் ஒரு பக்கம் சுழன்று, நடை தள்ளாடி, ஞாபகமே போய்விடக்கூடும்.

ஏற்காடு, நாகலூர்: அண்ணன் நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சுங்க. சுவரெல்லாம் எறும்பு ஓடுதுன்னு தட்டிக்கிட்டே இருக்கான். மந்திரிக்கச் சொல்றாங்க.

இதைப் படித்ததும் 108-க்குப் போன் போடு கண்ணு. பைக்கில் நடுவில் உட்கார வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிவிடலாம் என்று நினைக்காதே, வழியிலேயே வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, சாவியும் வேண்டாம்.

அஸ்தம்பட்டி: ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்திருக்கிறது. நான் பீர் மட்டும்தான்.

650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் வரும், இரண்டு பாட்டில் அடித்தால் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டீர்கள், ‘மட்டும்’ எல்லாம் இல்லை. நல்ல சேதி, வெறும் கொழுப்பு என்றால் முழுக்க நிறுத்திய சில வாரங்களிலேயே கரைய ஆரம்பித்துவிடும். சர்க்கரையும் தொப்பையும் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

ஆத்தூர்: அப்பாவுக்குச் சிரோசிஸ், வயிற்றில் நீர். இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். சிரோசிஸ் என்றால் கல்லீரலில் விழுந்த தழும்பு, அது முழுசாகப் போகாது, ஆனாலும் நிறுத்தியவர்கள் நிறுத்தாதவர்களைவிட அதிக நாள் இருக்கிறார்கள், சிலருக்கு நீர் கட்டுவதே குறைகிறது. கஞ்சியும் ஜவ்வரிசியுமாக ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், அது வெறும் மாவுச்சத்து. முட்டை, பருப்பு, தயிர் வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ஒரு தரம் சாப்பிட வையுங்கள், விடிய விடியப் பட்டினி கிடந்தால் தசைதான் கரையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. மூட்டு வலிக்கு டைக்ளோபினாக் தொடவே கூடாது, பாராசிட்டமால்கூட டாக்டரைக் கேட்டுத்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: தெரியாமல் சாம்பாரில் கலக்கிற பொடி விற்கிறார்கள், குடியே மறந்துவிடுமாம்.

கலக்காதீர்கள் அக்கா. அதில் டைசல்பிராம் என்கிற குடி நிறுத்தும் மருந்து இருந்தால், அதன் மேல் குடிக்கிறபோது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி ஆள் மயங்கிவிடுவார். கல்லீரலையும் அது கெடுக்கலாம். அந்த மருந்தை அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கொடுப்பதுதான் முறை.

ஏற்காடு எஸ்டேட்காரர்: கீழாநெல்லி குடித்தால் கல்லீரல் தேறுமா? காபி கூடாதா?

குடியால் கெட்ட கல்லீரலைக் கீழாநெல்லி தேற்றியதாக நல்ல ஆதாரம் கிடையாது. அதைக் குடித்துக்கொண்டே ராத்திரி கட்டிங் போடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். காபி குடிக்கிறவர்களுக்குச் சிரோசிஸ் குறைவு என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், அதனால் உங்கள் தோட்டத்துக் காபியைத் தாராளமாகக் குடியுங்கள், சர்க்கரையைக் குறைத்து. நிறுத்திய முதல் வாரம் மட்டும் சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம், தூக்கம் வராமல்தான் பாதிப் பேர் திரும்பக் கடைக்குப் போகிறார்கள்.