மூன்று விசிலுக்குள்

அன்புள்ள ஐயா,

வயது 44. இரண்டு பிள்ளைகள், காலை ஒன்பதுக்கு அலுவலகம். ஜிம்முக்குப் போக நேரமில்லை. வீட்டு வேலைகளுக்கு நடுவே ஐந்தைந்து நிமிடமாகத் தசைப்பயிற்சி செய்தால் கணக்கில் சேருமா? புரோட்டீன் பவுடர் வேண்டுமா, என்ன டம்பெல் வாங்குவது? நம் பாட்டிகள் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தே திடமாக இருந்தார்கள், பேசாமல் அதற்கே திரும்பிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. நடை போன்றவற்றை ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். பவுடர், டம்பெல் பேச்சை விடுங்கள். சுண்டலும் முட்டையும் 5 கிலோ அரிசிப் பையும் வீட்டில் இருக்கும்.

பாட்டிகளுக்கு வருகிறேன். இந்த வரியை எத்தனை கடிதங்களில் படிப்பது! வழக்கமாக ஆண்கள் எழுதுவார்கள், சிரித்துவிட்டுப் போவேன். நீங்களுமா? ஆட்டுக்கல்லைச் சுற்றியவள் பயிற்சி செய்யவில்லை, உழைத்தாள். பயிற்சியில் சுமை மெல்ல ஏற வேண்டும், நடுவே ஓய்வு வேண்டும், வயிற்றுக்குச் சோறு வேண்டும். என் அம்மாவுக்கு முப்பது வருடமும் அதே குழவி, அதே வலது தோள். காய்ச்சலென்றாலும் மாவு ஆட்டியாக வேண்டும். எல்லோரும் எழுந்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள். அதற்குள் குழம்பில் காய் தீர்ந்திருக்கும். நீங்கள் நினைத்துக்கொள்ளும் திடமான பாட்டி, தப்பிப் பிழைத்த ஒருத்தி. இடுப்பொடிந்து திண்ணையோடு முடங்கியவர்களை யார் எண்ணினார்கள்?

68 வயதில், ஒரு கல்யாணப் பந்தியில் அம்மாவால் எழ முடியவில்லை. தரைப்பந்தியில் வலது கை எச்சில்; ஊன்றுவதற்கு இடது கை மட்டும்தான். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு அவள் கல்யாணங்களுக்கு வருவதில்லை, மொய்க் கவரை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்புவாள்.

ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட்டு எழுவதாக இருக்க வேண்டும். அம்மா நேரக்கணக்கைக் குக்கரிடம் விட்டுவிட்டாள். பருப்பை ஏற்றினால் மூன்றாவது விசில் வரை அவளுடைய நேரம். முதல் நாள் 4 தடவை. 10 எளிதானதும் நாற்காலி போய் முக்காலி வந்தது. அப்புறம் மடியில் இட்லி அரிசி டப்பா. நடுவில் நான் ஏதாவது கேட்டால், எண்ணிக்கை தப்புகிறதென்று திட்டு விழும்.

மறு வருடம் தை மாதம், ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அவளாகவே கிளம்பினாள். பந்தியில் உட்கார்ந்தாள். மோர்ச்சோறு முடித்து இலையை மடித்தாள். இடது கையை ஊன்றினாள், எழுந்துவிட்டாள். யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை. ஒருவரும் கவனிக்கவில்லை. எதிர் வரிசையில் இன்னும் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்டது வேறு ஏதோ அல்லவா? நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையில் இரு கைகளையும் ஊன்றிச் சாய்ந்து நிமிர்வது, அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்குவது. தொடங்க இவை போதும். மூட்டு வலி இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆட்டுக்கல் வாங்கினால் மட்டும் எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.