துறைச் சுற்றறிக்கையால் மட்டும் விதி மாறிவிடாது

2021இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த உங்களிடம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இனி மூன்று ஆய்விதழ்க் கட்டுரைகள் வேண்டும் என்று துறைத்தலைவர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். கடைசி ஆண்டில் இப்படிச் சொன்னால் யாருக்கும் மனம் பதறும்தான். ஆனால் உடனே பணிந்துவிடாதீர்கள்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய விதியைத் துறை முன்மொழியலாம். இயற்றும் அதிகாரம் துறைக்கு இல்லை. முன்மொழிவு, கல்வி விதிகளை முடிவு செய்யும் கல்விக் குழுவுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதலும் தேவை. அதன் பிறகு பதிவாளர் பெயரில் அறிவிக்கை வரும். அதில் தீர்மான எண்ணும் நடைமுறைக்கு வரும் தேதியும் இருக்கும். உங்கள் சுற்றறிக்கையில் இவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

தேதிதான் உங்கள் பிடிமானம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் கட்டுரைக் கட்டாயத்தையே கைவிட்டன. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு 2016 விதிமுறைகள் பொருந்தும். அவை கேட்பது ஒரு ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும்தான். பல்கலைக்கழகம் தன் விதியில் இதைவிடக் கூடுதலாகக் கேட்டிருக்கக்கூடும். அதனால் நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதித்தொகுப்பைத் தேடி எடுங்கள்.

நெறியாளர் வழியாகப் பதிவாளருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, தீர்மான நகலைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். துறைத்தலைவரோடு நேரில் வாதாட வேண்டாம். நாளை உங்கள் வாய்மொழித் தேர்வு அவர் துறையில்தான் நடக்கும்.