மூச்சுப் பயிற்சி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் வசிக்கிறேன், வயது 34. வேலைக்குப் போகும் வழியில் சில்க் போர்டு நெரிசலில் அலுவலகப் பேருந்து நின்றுவிட்டால் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இப்போதே உயிர் போய்விடும் என்று தோன்றுகிறது. இதயப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. இது 'பேனிக்' என்று மனநல மருத்துவர் சொல்லி, நான்கு மாதமாகக் காலையில் எஸ்சிடாலோபிராம், இரவில் அரை மாத்திரை குளோனசெபாம் கொடுத்துவருகிறார். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் 21 நாள் 'பிரெத்வொர்க்' வகுப்பு நடத்துகிறார். கட்டணம் 18,000 ரூபாய். முடித்துவிட்டால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார். இலவச வகுப்பில் வேகமாக மூச்சு விட்டபோது கைவிரல்கள் இழுத்துக்கொண்டன, அழுகையும் வந்தது. பழைய துக்கம் வெளியேறுகிறது என்று விளக்கம் சொன்னார். மாத்திரை பழக்கமாகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். வகுப்பில் சேரலாமா?

பதில்: மூச்சுப் பயிற்சி உங்களுக்கு உதவக்கூடும். ஆனால் நீங்கள் சொல்லும் வகுப்பு உதவாது. மாத்திரையை நீங்களாக ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம்.

முதலில் அந்தக் கைவிரல்களைப் பற்றிச் சொல்கிறேன். இதே நிலையில் ஒரு இளம்பெண்ணை ஞாயிற்றுக்கிழமை இரவு என்னிடம் அழைத்து வந்தார்கள். நகருக்கு வெளியே ஒரு விடுதியில் நடந்த இரண்டு நாள் முகாமிலிருந்து நேராக வந்திருந்தார். இரு கைகளிலும் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற நான்கு விரல்களும் ஒட்டி விறைத்து, கணவர் நீட்டிய தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் நின்றார். நிதானமாக மூச்சு விடச் செய்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் விரல்கள் தாமாக விரிந்தன. அங்கிருந்து எந்தத் துக்கமும் வெளியேறவில்லை. வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து மூச்சு விட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், இரத்தத்தில் செயல்படும் கால்சியம் குறைந்து விரல்கள் மரத்து இழுத்துக்கொள்ளும். 'உடம்பெல்லாம் ஆக்சிஜன் நிரம்புகிறது' என்பதும் வெறும் பேச்சுதான், ஏனென்றால் சாதாரணமாக மூச்சு விடும்போதே உங்கள் இரத்தம் ஏறத்தாழ முழு அளவு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. வலிப்பு நோயைக் கண்டறியும் இ.இ.ஜி. பரிசோதனையில் நோயாளியை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வோம், மறைந்திருக்கும் வலிப்பின் அறிகுறி அப்போது வெளிப்படக்கூடும் என்பதற்காக. ஆய்வகத்தில் ஆள் பக்கத்தில் நிற்க நாங்கள் செய்வதை, அடுக்ககத்தின் விழா மண்டபத்தில் பாய் விரித்து, இசையை அலறவிட்டு முக்கால் மணி நேரம் செய்கிறார்கள்.

பேருந்தில் உங்களுக்கு வருவதும் பெருமளவு இதே நிலைதான் என்பதை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்று நினைக்கிறேன். பயத்தில் மூச்சு வேகமாகிறது, அதனால் தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது, அதைக் கண்டு பயம் இன்னும் கூடுகிறது. பயிற்றுநர் உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு வரவழைக்கப்போவது எந்த நோய்க்கு நீங்கள் சிகிச்சை பெறுகிறீர்களோ அதன் அறிகுறிகளைத்தான்.

உங்களுக்கு வேண்டியது மெதுவான மூச்சு, அதிலும் நீண்ட வெளிமூச்சு. மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, மூன்று விரல்களை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்றுத் தாமதமாகும். வேகஸ் என்னும் நரம்பு இதயத்துக்கு இடும் கட்டளை அது, அந்தக் கட்டளை வெளிமூச்சின்போதுதான் வலுப்பெறுகிறது. நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடும் நாம் அதை 6 முறையாகக் குறைத்தால், அதாவது நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விட்டால், படபடப்பு தணிவதைச் சில நிமிடங்களில் உணரலாம். சில சிக்னல்களில் ஓடும் 60 நொடி எண்ணைப் பார்த்தபடி நீங்கள் ஆறு மூச்சு முடித்துவிடலாம். இதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் தெரியாது.

இன்னொரு முறை உண்டு. அழுது ஓய்ந்த குழந்தை தேம்புவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு முறை அடுத்தடுத்து இழுத்து, நீளமாக ஒரு மூச்சு விடும். அதையே மூக்கால் ஒன்றன்பின் ஒன்றாக இருமுறை இழுத்து, வாயால் நீட்டி விட்டுச் செய்வது. விளக்கு வைக்கும் நேரத்தில் பெருமூச்சு விடாதே என்று நம் வீடுகளில் அதட்டுவார்கள். இந்தப் பெருமூச்சைத் தாராளமாக விடலாம். 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம், வீட்டிலிருந்தபடியே சிலர் இதைச் செய்தார்கள். தியானம் செய்த குழுவைவிட இவர்களுடைய மனநிலை கூடுதலாக மேம்பட்டது. மிதமான, கடுமையான மனநோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வைக் காட்டித்தான் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், அது பேனிக் உள்ளவர்களில் பலருக்குப் பொருந்தும். மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே சிலருக்குப் பயம் கூடும். 'மூச்சு சரியாக வருகிறதா, நின்றுவிடுமோ' என்று ஒவ்வொரு மூச்சையும் சோதிக்கத் தொடங்குவார்கள். அமைதியான அறையில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் ஐந்தாவது நிமிடம் எழுந்து ஓடுவார்கள். சிறு வயதில் அடி, வன்முறை அனுபவித்தவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். 'மனத்தில் எதிர்ப்பு இருக்கிறது, இன்னும் ஆழமாகப் போங்கள்' என்று பயிற்றுநர்கள் அழுத்தும் இடமும் இதுதான். நீங்கள் இந்த வகையாக இருந்தால் மூச்சைக் கவனிக்கவே வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்து, நடந்துகொண்டே நான்கு அடிக்கு இழுத்து ஆறு அடிக்கு விடுங்கள், அல்லது தெரிந்த ஒரு பாட்டை மெல்ல முனகுங்கள். முனகும்போது வெளிமூச்சு தானாகவே நீளும், கவனம் பாட்டில் இருக்கும். அப்போதும் பயம் கூடினால் பயிற்சியைக் கைவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எஸ்சிடாலோபிராம் போதைப் பழக்கமாக மாறாது, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதே முறை. குளோனசெபாம் பழக்கமாகக்கூடியது, நெடுநாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். இந்த ஒரு மாத்திரையைப் பொறுத்தவரை எங்கள் துறைமீது எனக்குத் தீராத கோபம் உண்டு. சில வாரங்களுக்கென்று தொடங்கி, நிறுத்தும் தேதியை எழுதாமல் விட்டுவிடுகிறோம், அதே பழைய சீட்டுக்கு மருந்துக்கடையில் ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற பாலிசிகளால், வாரம் ஒருமுறை உளவியலாளரைப் பார்ப்பவருக்கு ஒரு ரூபாயும் கிடைப்பதில்லை. அந்தச் செலவுக்குக் கையை விரிக்கும், வேலை தரும் நிறுவனங்கள் 'வெல்னெஸ்' முகாமுக்கு மட்டும் தயங்காமல் செலவழிக்கின்றன.

மூச்சுப் பயிற்சி கற்பிக்க நம் நாட்டில் எந்தச் சட்டப் பதிவும் தேவையில்லை, சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை நம்பாதீர்கள். நேருக்கு நேர் பேசும் சிகிச்சை வேண்டுமென்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் உள்ள மருத்துவ உளவியலாளரைக் கேளுங்கள். பேனிக்குக்கு நல்ல பலன் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது பயத்தைத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் முறை, அவர்களிடம் உண்டு. இரவில் பயம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணை, அழைக்கலாம். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, குளோனசெபாமை எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு குறைக்க வேண்டும், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருக்கும், அவர் அவசரத்தில் இருப்பார். இருந்தாலும் எழுதி வாங்கிக்கொண்டே எழுந்திருங்கள்.