பிரிச்ச பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க! (கம்ப்யூட்டர் கேள்வி பதில்)

கேள்வி: என்னோட 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல யுஎஸ்பி போர்ட் லூஸாகி அடிக்கடி கட் ஆகிட்டே இருந்துச்சு, சரி உள்ள இருக்கிறது சாதா சாட்டா (கம்ப்யூட்டருக்குள்ள டிஸ்க் மாட்டுற கனெக்ஷன்) டிஸ்க்தானேன்னு பெட்டியைப் பிரிச்சு கம்ப்யூட்டருக்குள்ளயே மாட்டிட்டேன். இப்ப விண்டோஸ் அதைக் காலி டிஸ்க்குன்னு காட்டுது, இனிஷியலைஸ் பண்ணணும்னு வேற கேக்குது. பையன் பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ பூரா அதுலதான் இருக்கு. எல்லாம் போயிடுச்சா சார்?

பதில்: பெரும்பாலும் எல்லாம் அப்படியேதான் இருக்கும், பதறாதீங்க. ஆனா அந்த இனிஷியலைஸுக்கு மட்டும் ஓகே குடுத்துடாதீங்க, கேன்சல் பண்ணுங்க. ஓகே குடுத்தா போட்டோ உடனே அழியாதுதான், ஆனா டிஸ்க்கோட ஆரம்பத்துல இருக்கிற பார்ட்டிஷன் டேபிள் (எந்தப் பகுதி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற அட்டவணை) மேல புதுசா எழுதிடும், அப்புறம் மீட்கிற வேலை வீணா கஷ்டமாயிடும்.

பெட்டிக்குள்ள ஒரு குட்டி போர்டு இருந்துச்சு பாருங்க, அது சும்மா யுஎஸ்பியை சாட்டாவோட இணைக்கிற வேலை மட்டும் பார்க்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா 2 டிபிக்கு மேல உள்ள பல டிஸ்க்குல அது இன்னொரு வேலையும் பண்ணும். பழைய எம்பிஆர்ங்கிற பார்ட்டிஷன் டேபிள் முறையில 512 பைட் செக்டர் (டிஸ்க்குல டேட்டாவைப் பிரிச்சு வைக்கிற சின்ன துண்டு) வச்சு 2 டிபிக்கு மேல போக முடியாது, அதனால விண்டோஸ் எக்ஸ்பிலயும் ஓடணும்னு அந்த போர்டு ஒரு செக்டர் 4096 பைட்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடும். டேபிள்ல 'பார்ட்டிஷன் 256வது செக்டர்ல ஆரம்பிக்குது'ன்னு எழுதியிருந்தா பெட்டியில இருந்தப்ப அதுக்கு 10,48,576வது பைட்னு அர்த்தம், நேரா மாட்டினதும் கம்ப்யூட்டர் 256-ஐ 512-ஆல பெருக்கி 1,31,072ல போய் தேடுது, அங்க ஒண்ணுமே இல்ல. போட்டோ எங்கயும் போகலை, தேடுற இடம்தான் தப்பு.

பார்க்கணும்னா ஹெக்ஸ் எடிட்டர்ல (டிஸ்க்குல இருக்கிற பைட்டை அப்படியே காட்டுற சாஃப்ட்வேர்) டிஸ்க்கை ரீட் ஒன்லியா திறந்து 2048வது செக்டருக்குப் போங்க, அந்த 10,48,576-ஐ 512-ஆல வகுத்தா வர்றதுதான் இது. ஆரம்பத்துலயே என்டிஎஃப்எஸ்ங்கிற (NTFS, விண்டோஸோட ஃபைல் சிஸ்டம் பேரு) நாலு எழுத்து தெரிஞ்சா பிரச்சனை இதுதான்.

சரிபண்ண சுலபமான வழி, டிஸ்க்கை அதே போர்டுல திரும்ப மாட்டுறதுதான். போர்ட் லூஸ்னா சால்டரிங் நல்லா தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து அதை மட்டும் மாத்திக்கோங்க. எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்து, ஃபைலைத் திறந்து பார்த்து உறுதி பண்ணின பிறகு, கம்ப்யூட்டருக்குள்ள மாட்டி புதுசா ஃபார்மேட் பண்ணிக்கலாம். லினக்ஸ் பழக்கம் இருந்தா லோசெட்அப் (losetup) கமாண்டுல செக்டர் சைஸை 4096னு குடுத்து பெட்டி இல்லாமலே திறக்கலாம்.

அந்த இடத்துல எழுத்தே இல்லாம, முதல் செக்டர்லேர்ந்தே எல்லாம் குப்பையா தெரியுதா? அப்ப என்கிரிப்ஷனா (சாவி இல்லாம படிக்க முடியாதபடி டேட்டாவை மாத்தி எழுதுறது) இருக்கலாம். வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக், மை பாஸ்போர்ட் மாடல்கள் பலதுல நீங்க பாஸ்வேர்டே போடலைன்னாலும் அந்த போர்டு எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதும். அந்த மாதிரி டிஸ்க்குல ரெக்கவரி சாஃப்ட்வேர் எவ்வளவு நேரம் ஓடினாலும் உருப்படியா எதுவும் கிடைக்காது. அந்த போர்டோ, அதே சிப் இருக்கிற இன்னொரு போர்டோதான் வேணும், அதனாலதான் பெட்டியைத் தூக்கிப் போடாதீங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: நான் அவசரப்பட்டு ஃபார்மேட்டே பண்ணிட்டேன், குயிக் ஃபார்மேட்தான். வழி இருக்கா?

பதில்: இருக்கு. இனி அந்த டிஸ்க்குல ஒரு ஃபைல் கூட எழுதாதீங்க, செக்டிஸ்க்கும் (chkdsk, டிஸ்க்கை சோதிச்சு சரிபண்ற விண்டோஸ் கமாண்ட்) ஓட்டாதீங்க. முதல்ல டிடிரெஸ்க்யூ (ddrescue) சாஃப்ட்வேர் வச்சு முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு இமேஜா, அதாவது அச்சு அசல் நகலா எடுங்க, அந்த இமேஜ்ல டெஸ்ட்டிஸ்க் (TestDisk) சாஃப்ட்வேரை ஓட்டி பழைய பார்ட்டிஷன் சிக்குதான்னு பாருங்க. சிக்கலைன்னா ஃபோட்டோரெக் (PhotoRec) இருக்கு, அது ஃபைல் வகையை வச்சு தேடி எடுக்கும், ஆனா ஃபைல் பேரும் ஃபோல்டரும் திரும்ப வராது, உக்காந்து பிரிக்கத்தான் வேணும். டிஸ்க்லேர்ந்து டக் டக்னு சத்தம் வந்தா மட்டும் எதையும் ஓட்டாம உடனே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுத்துடுங்க.

கேள்வி: பெட்டியில நல்லா ஓடின டிஸ்க், உள்ள மாட்டினா சுத்தவே மாட்டேங்குது?

பதில்: சாட்டா பவர் கனெக்டர்ல 3வது பின்னுக்கு 3.3 வோல்ட் போனா சில புது டிஸ்க் சுத்தாம நின்னுடும், அந்த பின்னை இப்ப பவரை நிறுத்துற சிக்னலுக்கு வச்சிருக்காங்க. டிஸ்க்கு பழுதில்ல. அந்த பின் மேல கேப்டான் டேப் (கரண்ட் கடத்தாத மெல்லிய டேப்) ஒட்டிட்டு மாட்டிப் பாருங்க.