புதிதாக வந்த குதிரை பதற்றமாகவே இருக்கிறது, எப்படிப் பழக்குவது?

வந்து பத்து நாளாகியும் வேலியோரமாகவே நடந்துகொண்டிருக்கிறது, ராத்திரியில் கனைக்கிறது, கிட்டப் போனால் விலகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து நாள் குதிரைக்கு ரொம்பக் குறைவு. சில குதிரைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். இப்போதைக்கு நீங்கள் அதைப் பழக்க வேண்டாம், அது பழகட்டும். சவாரி, பயிற்சி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

குதிரை கூட்டத்தோடு வாழும் பிராணி. ஒன்று தூங்கும்போது இன்னொன்று காவல் நிற்கும். அப்படி இருந்ததை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, வாசனைகூடத் தெரியாத இடத்தில் தனியாக இறக்கிவிட்டோம். அது வேலியோரம் நடப்பதை அடங்காத்தனம் என்று நினைக்காதீர்கள், தன் கூட்டத்தைத் தேடுகிறது.

என்னிடம் வந்த பெண் குதிரை முதல் இரண்டு நாள் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. வாளிக்குள் மூக்கை விடும், உதட்டை மட்டும் நனைக்கும், புஸ்ஸென்று ஊதிவிட்டுப் பின்வாங்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது. வளர்ந்த குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 லிட்டராவது வேண்டும். தண்ணீர் குறைந்து காய்ந்த புல் மட்டும் உள்ளே போனால் குடல் அடைத்து வயிற்று வலி வரும். கோலிக் என்பார்களே, அது உயிரையே எடுக்கும். அப்புறம்தான் தண்ணீரின் ருசி மாறியதே காரணம் என்று புரிந்தது. பழைய இடத்துத் தண்ணீரை கேன்களில் கொண்டுவந்து பாதிக்குப் பாதி கலந்து வைத்தேன். அன்று சாயங்காலம், ஒவ்வொரு மடக்குக்கும் காது முன்னும் பின்னும் அசைய, வாளியைக் காலி செய்தது. ஒரு வாரத்தில் கலப்பைக் குறைத்து நிறுத்திவிட்டேன்.

தீவனமும் அப்படித்தான். பழைய இடத்தில் என்ன தின்றது என்று கேட்டு அதையே கொடுங்கள். மாற்றுவதென்றால் பத்துப் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். எப்போதும் மெல்லுவதற்குப் புல் இருக்கட்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். காலி வயிற்றோடு நிற்கிற குதிரையிடம் அமைதியை எதிர்பார்க்க முடியாது. தானியத்தை மட்டும் அளவோடு வையுங்கள்.

உங்களிடம் வேறு குதிரைகள் இருந்தால் உடனே ஒன்றாக விடாதீர்கள். தொற்று நோய் ஏதும் இல்லை என்று தெரிய இரண்டு மூன்று வாரம் தனியாக வைப்பதுதான் நல்லது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒன்று நிற்கட்டும். அது பெரிய ஆறுதல். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அதற்கப்புறம்தான் ஒரே இடம்.

சரி, நீங்கள் என்ன செய்வது? தினமும் ஒரே நேரத்தில் போங்கள். எதுவும் கேட்காமல் சும்மா நில்லுங்கள். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, அதனால் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். முகத்தைத் தொட அவசரப்படாதீர்கள். கழுத்தும் முதுகும் சேருகிற மேட்டில் விரலால் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துச் சொறியும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே தணியும். மேலுதடு நீண்டு துடித்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். விலகிப் போனால் போகட்டும், துரத்த வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம்: எல்லாவற்றையும் பதற்றம் என்று விட்டுவிடாதீர்கள். தீவனத்தைத் தொடாமல், சாணம் போடாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் புரண்டால் அது வலி. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். அசையாமல் நிற்கும்போதும் 60-ஐத் தாண்டி நின்றால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பழகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது தூக்கத்தைத்தான். குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரை மணி நேரம் போதும். இடம் பத்திரம் என்று தோன்றாதவரை படுக்காது. என் குதிரை இரண்டு வாரத்துக்கு மேல் நான் பார்த்தவரை படுக்கவே இல்லை. பதினேழாம் நாள் காலை கொட்டிலுக்குப் போனபோதும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் பிடரி மயிரில் நாலைந்து வைக்கோல் துரும்பு, ஒரு பக்க விலா முழுக்கத் தூசி. தட்டிவிடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.